நமக்குத் தெரிந்த குடும்பங்களிடம் ஆய்வு: என் எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வேட்டு அனுபவம்

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் மருத்துவ, மனநலப் பிரிவை எடுக்கிறவர்களில் பலர் ஃபீல்டுவொர்க் என்ற களப் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையிலேயே ஆய்வேட்டுக்கும் ஆட்களைத் தேடுவார்கள். வாரா வாரம் பார்க்கிற குடும்பங்கள், முகம் பழகியவர்கள், கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று தோன்றும். நானும் அந்த வழியில்தான் போனேன். மறுக்கமாட்டார்கள் என்பதுதான் அதில் இருக்கும் பெரிய சிக்கல். இந்த வருடம் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இடம், காவிரிப் படுகையில் ஓர் அரசு மருத்துவமனை. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. 1996-ல் அது மாவட்ட மனநலத் திட்டமாக விரிந்தது. அதன் குழு குறிப்பிட்ட கிழமையில் இந்த ஊருக்கு வந்து ஓ.பி. (புறநோயாளிகள் பிரிவு) பார்க்கும். புதிதாக வருகிறவர்களின் குடும்ப விவரம் எழுதுவது, மாத்திரையை நிறுத்தியவர்களின் வீட்டுக்கு ஹோம் விசிட் போவது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது எல்லாம் என் வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்று சான்று வேண்டும். அந்தச் சான்றுக்காக அலைந்து களைத்துப்போன குடும்பங்கள்தான் என்னிடம் வந்து நிற்கும்.

மனச்சிதைவு உள்ளவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரின் பாரம் என்பது என் தலைப்பு. அதை அளக்க எடுத்துக்கொண்ட ஸாரிட் பாரம் அளவுகோலில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. அதோடு சிலரிடம் ஆழ்நிலை நேர்காணல். கைடும் சரி என்றார். ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் மாதிரி எண்ணிக்கை, புள்ளியியல் என்று எல்லாம் கேட்டுவிட்டு, ஓர் உறுப்பினர் கடைசியாக ஒன்று கேட்டார்: "இவங்களால உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமா?"

அந்தக் கேள்வியை நான் அப்படியே வாங்கிக்கொண்டேன். மகனுடைய அட்டை விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. டாக்டர் அறைக்குள் போகும்போது கூடப் போகிறவள் நான். அப்படி இருக்கும்போது ஒப்புதல் படிவத்தை நானே நீட்டினால், "நீ சொன்னா சரி பாப்பா, எங்க கையெழுத்து போடணும்?" என்றுதான் கேட்பார்கள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும், இப்படிச் சார்ந்திருக்கும் நிலையில் உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

அதனால் திட்டத்தை மாற்றினோம். வேறொரு மருத்துவமனையில் ஃபீல்டுவொர்க் செய்துகொண்டிருந்த வகுப்புத் தோழியும் நானும் மாற்றிக்கொண்டோம். என் கேஸ் பட்டியலில் உள்ள குடும்பங்களிடம் அவள் ஒப்புதல் வாங்குவாள், அவளே கேள்வி கேட்பாள். அவளுடைய குடும்பங்களிடம் நான். அதே ஓ.பி.க்கு வந்தாலும் என் பட்டியலில் இல்லாதவர்களிடம் மட்டும் நானே பேசுவேன். யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பதை அவள் என்னிடம் சொல்லக்கூடாது. பெயர் இல்லாமல் எண் போட்ட தாள்கள் மட்டும்தான் என் கைக்கு வரும். அலைச்சல் கூடியது உண்மை. வாய்ப்பு இருந்தால் நீங்களும் இப்படியே செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தகவல் தாளை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. எங்கள் தாளின் முதல் வரி, "இதில் சேராவிட்டாலும் மருந்து, அட்டை, உதவித்தொகை எதுவும் நிற்காது". ஆய்வின் நோக்கம் எல்லாம் அதற்குக் கீழேதான். தலைப்பில் நோயின் பெயரைப் போடவில்லை, "நீண்டகால நோயாளிகளைப் பராமரிப்போர்" என்று மட்டும் இருந்தது. நோயின் பெயரையும் மற்ற விவரங்களையும் நேரில் சொன்னோம். ஏனென்றால் அந்தத் தாள் வீட்டுக்குப் போகும், அலமாரியில் இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் வரும்போது யார் கண்ணிலாவது படும். தங்கச்சிக்கு வரன் பார்க்கிற வீட்டில் அண்ணனின் நோய் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று ஹோம் விசிட் போனவர்களுக்குத் தெரியும்.

சாட்சி விஷயமும் அப்படித்தான். படிக்கத் தெரியாதவர் கைரேகை வைத்தால், ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் கிராமத்தில் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், இவ்வளவு நாள் மறைத்துவைத்த விஷயம் தெருவுக்கே தெரிந்துவிடும். கடைசியில், ஏற்கெனவே நோயைப் பற்றி அறிந்த உறவினர் ஒருவரை அவர்களே தேர்ந்தெடுத்து அழைத்துவரட்டும் என்று வைத்தோம். யாரும் இல்லை என்றவர்களுக்கு எங்கள் கல்லூரியில் வேறு துறை மாணவி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

ஓ.பி. நாளிலேயே கையெழுத்து வாங்குவதில்லை, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த முறை வந்து சொல்லுங்கள் என்பதும் ஏற்பாடு. எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "நடவு முடியட்டும்", "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார்கள். நடவு நேரத்தில் ஒரு நாள் கூலி போவது உண்மையான காரணமும்தான். ஆனால் ஒருவர் இரண்டாவது முறையும் தள்ளிப்போட்டால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வது, மூன்றாவது முறை கேட்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். தோழியின் பட்டியலில் இருந்த ஓர் அக்கா இப்படித் தள்ளிப்போட்டார். அப்புறம் என்னைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தார். நானாகவே போய் அருகில் உட்கார்ந்து, ஆய்வைப் பற்றி எதுவும் பேசாமல், அவர் தம்பியின் ஓ.பி. சீட்டில் விடுபட்டிருந்த பதிவெண்ணை எழுதிக்கொண்டுவந்து கொடுத்தேன். மறுவாரம் அவரே வந்து பேசினார். மறுத்ததால் ஒன்றும் குறையவில்லை என்பதைத் தாளில் எழுதினால் மட்டும் போதாது. மறுத்தவருக்கு அடுத்த வாரமே அது கண்ணால் தெரிய வேண்டும்.

தாள்கள் வந்து சேர்ந்தபோது ஒன்று கவனித்தேன். "அவரோடு இருக்கும்போது கோபம் வருகிறதா?" என்ற கேள்விக்குத் தோழி வாங்கிவந்த தாள்களில் மூன்றும் நான்கும் நிறைய. என்னிடம் ஹோம் விசிட்டில் கோபத்தைப் பற்றி யாரும் வாயே திறந்ததில்லை. மகனை நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிற அம்மா என்று நான் நினைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதில் தவறு ஒன்றும் இல்லை. நம்மை மதிப்பதால்தான் நம்மிடம் சிலவற்றைச் சொல்வதில்லை. எந்தத் தாள் யாருடையது என்று யூகிக்க முடிகிற அளவுக்குச் சிறிய மாதிரிதான் எங்களுடையது. அதனால் பகுப்பாய்வு முடியும்வரை கேஸ் ஃபைலையும் தாள்களையும் ஒரே நாளில் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேஸ் குறிப்புக்கு ஒரு நோட்டு, ஆய்வுக்கு வேறு நோட்டு. ஒன்றில் இருப்பது மற்றதில் ஏறாது.

இந்தக் கோடு உண்மையில் சோதனைக்கு உள்ளானது ஒரு நேர்காணலில். என் பட்டியலில் இல்லாத ஓர் அம்மா. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் புழக்கத்தில் இல்லாத எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மகன் மாத்திரை எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் எங்க மாத்திரையத் தொடுறான்? பொடிச்சுச் சட்னியில போட்டுடுவேன். கசக்கும்னு தேங்காய கூட வச்சு அரைப்பேன். டாக்டர்கிட்ட சொல்லிடாத பாப்பா."

ரெக்கார்டரை நிறுத்தினேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் வெளியே சொல்வோம் என்று தகவல் தாளில் எழுதியிருந்தோம். இது அந்த வகையில் வராது. ஆனால் சும்மா விடுகிற விஷயமும் இல்லை. ஒரு நாள் நான்கு தோசை சாப்பிடுவார், ஒரு நாள் தட்டைத் தள்ளிவிடுவார், உள்ளே போன அளவு யாருக்கும் தெரியாது. மாத்திரை ஒழுங்காகப் போகிறது என்று நம்பி டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போகலாம். தனக்கு என்ன மருந்து தரப்படுகிறது என்று அறிகிற உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த மகனுக்கும் தருகிறது. இதையெல்லாம் அவரிடம் சட்டமாகப் பேசவில்லை. "நான் சொல்லமாட்டேன்மா. ஆனா நீங்களே சொன்னா நல்லதுன்னு தோணுது, ஏன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டு, மருந்தின் அளவைப் பற்றி மட்டும் சொன்னேன். அவருக்கு முக்கியமான பயம், டாக்டர் திட்டுவார் என்பதுதான்.

சில வாரம் கழித்து, அங்கே வேலை பார்க்கும் சமூகப் பணியாளர் அக்காவோடு அவரே உள்ளே போனார். டாக்டர் திட்டவில்லை. மகனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். தினமும் மாத்திரை விழுங்குவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு ஒத்துக்கொண்டார். இதை அந்த அம்மாவே என்னிடம் வந்து சொன்னார். சட்னி விஷயத்தைப் பெயர் இல்லாமல் எழுதலாமா என்று அப்போது மறுபடி கேட்டேன். "எழுது, என்னை மாதிரி எத்தனையோ பேர் போடுறாங்க" என்றார். மற்ற நேர்காணல்களிலும் அது வந்திருந்தது.

சமூகப் பணி அறிஞர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-ல் கேஸ்வொர்க் உறவுக்கு, அதாவது சமூகப் பணியாளருக்கும் உதவி தேடி வருகிறவருக்கும் உள்ள உறவுக்கு, ஏழு கொள்கைகளை வகுத்தார். முதலாண்டில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவைதான். சுயநிர்ணயம் (தன் முடிவைத் தானே எடுப்பது), ரகசியம் காத்தல் என்ற இரண்டும் ஒன்றோடொன்று முட்டும்போது என்ன செய்வது என்று அந்த அறையில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அவசரப்படாமல் இருந்தது உதவியது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், "உங்க கேஸ்களை நீங்களே பேட்டி எடுத்திருந்தா இன்னும் ஆழமா வந்திருக்குமே?" என்று கேட்டார். சில விஷயங்களில் வந்திருக்கும் என்றேன். கோபத்தைப் பற்றிய அட்டவணையையும் காட்டினேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிவுகளை ஓர் ஓ.பி. நாளில் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னோம். ஆய்வில் சேர்ந்தவர்களை மட்டும் கூப்பிட்டால் யார் சேர்ந்தார் என்று தெரிந்துவிடும் அல்லவா, அதனால் காத்திருந்த அனைவரிடமும். பாரம், மதிப்பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர், பழைய மாத்திரையையே திரும்ப வாங்க வருகிறவர்கள் எதற்கு மதியம்வரை நிற்க வேண்டும் என்று கேட்டார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் பரிந்துரைகள் அத்தியாயத்தில் அதை முதலாவதாகச் சேர்த்தேன். குழுவினர் அதற்குள்ளாகவே அவர்களுக்குத் தனி வரிசை போட்டுவிட்டார்கள்.