அக்காவின் மகனை நீதிமன்றத்தில் பொறுப்பேற்ற கதை

அக்கா வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போகும்போது மகளை மூதூரில் என்னிடம் விட்டுச் சென்றார். மகன் திருகோணமலையில் தகப்பனோடு இருந்தான். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமான இலங்கையில், அந்த மனிதர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி மீன்வாடி வேலைக்கு அனுப்பிவிட்டார். பொலிசார் மீட்டு நீதவான் முன் நிறுத்தினார்கள். 13 வயதுப் பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போனான்.

அவனை என்னிடம் தாருங்கள் என்று அலுவலகம் அலுவலகமாகக் கேட்டேன். "மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கிறதே அம்மா, ஏன் அந்தரப்படுகிறீர்கள்?" என்றார்கள். அந்தரப்படாமல் எப்படி இருப்பது? பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் முதலில் கேட்டது தங்கச்சியைத்தான்.

சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில்தான் வழி தெரிந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுதியான ஒருவரிடம் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். அவர் உறவினராகவும் இருக்கலாம் என்று சட்டத்தரணி விளக்கினார். கிராம உத்தியோகத்தரின் கடிதம், உறவை நிரூபிக்க எனதும் அக்காவினதும் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் சீக்கிரம் கைக்கு வந்தன. அக்காவின் சம்மதக் கடிதம்தான் இழுபட்டது. எசமானியிடம் விடுப்பு வாங்கித் தூதரகத்துக்குப் போவது அவருக்கு லேசான காரியமாக இருக்கவில்லை.

ஆனால் வழக்கின் உயிர்நாடி, பிள்ளையின் நிலைமையை விசாரித்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை. முதல் அறிக்கையில் என் வீட்டின் அறைகள், மலசலகூடம், மாத வருமானம் எல்லாம் இருந்தன. தங்கச்சி என்னிடம் வளர்கிறாள் என்பது இல்லை. பிள்ளை என்ன விரும்புகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. தன்னைப் பற்றிய முடிவில் தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரை. இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டது. சட்டத்தரணி அதைக் காட்டி நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் விண்ணப்பம்) போட்டு, பிள்ளையை நேரடியாக விசாரிக்கும்படி கேட்டார்.

அடுத்த தவணையில் நீதவான் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். "பயப்படாமல் சொல்லுங்கள் மகன்" என்றார். சட்டை நுனியைத் திருகியபடி நின்றவன், "தங்கச்சி ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் எழுதப் போகிறாள். நான் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்றான். சித்தி வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நீதவான் புதிய அறிக்கை கேட்டார். அதில் அவன் சொன்னது அப்படியே பதிவானது. நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையோடு அவனை என்னிடம் ஒப்படைக்கக் கட்டளை கிடைத்தது.

கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதிகளை அன்றே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வைத்துவிடுங்கள். மூதூரில் அதிபர் அதைப் பார்த்த பிறகுதான் அவனை வகுப்பில் சேர்த்தார்.