சிறைப் பதிவேடுகளின் பத்திகள்: 1894 சட்டத்தைப் படித்த நாட்குறிப்பு

ஜூலை 1, செவ்வாய்

1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் அமலுக்கு வந்தது அந்த வருடத்தின் இதே தேதியில்தான். அரசரடிப் பக்கம் புது ஜெயில் ரோட்டில் இருக்கும் மதுரை மத்திய சிறை 1865-ஐச் சேர்ந்தது. சட்டத்தைவிடக் கட்டடம் மூத்தது. அந்தச் சுவரை ஒட்டிப் போய்வந்தே பாதி ஆயுள் கழிந்துவிட்டது. உள்ளே வேலை பார்த்தவர்களை எந்த விதி கட்டிவைத்திருந்தது என்று மட்டும் உட்கார்ந்து படித்ததில்லை.

நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான். சட்டத்தின் பெரிய வார்த்தைகளைவிட அது எந்தப் பதிவேட்டில் எந்தப் பத்தியை, அதாவது எந்தக் கட்டத்தை, நிரப்பச் சொல்கிறது என்பதில்தான் எனக்குக் கண் போகும். அப்படியே படிக்கலாம் என்று இருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

முதல் ஆச்சரியம்: தொடக்கப் பிரிவுகளில் பெரும்பாலும் கைதியைப் பற்றிய பேச்சே இல்லை, எல்லாம் அதிகாரிகளைப் பற்றித்தான். மாகாணத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் ஜெனரல் (ஐ.ஜி.). ஒவ்வொரு சிறைக்கும் ஒரு சூப்பிரண்டென்ட், மருத்துவ அதிகாரி, அவருக்குக் கீழே ஒரு மருத்துவ உதவியாளர், ஜெயிலர், அதற்குக் கீழே மற்றவர்கள். ஒழுங்கு, வேலை, செலவு, தண்டனை, கட்டுப்பாடு ஐந்தும் சூப்பிரண்டென்ட் பொறுப்பு. கைதியிடம் எதையும் விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, பணக் கொடுக்கல் வாங்கல் கூடாது என்று 9-ஆம் பிரிவு. சிறைக்குச் சாமான் வரும் ஒப்பந்தத்தில் பங்கு இருக்கக் கூடாது என்று 10-ஆம் பிரிவு.

ஜெயிலருக்குக் கட்டு இன்னும் இறுக்கம். சூப்பிரண்டென்ட் எழுத்தில் விலக்கு கொடுத்தால் ஒழிய அவர் சிறையிலேயே குடியிருக்க வேண்டும். அனுமதி எழுதி வாங்காமல் ஒரு இரவுகூட வெளியே தங்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் தங்கிவிட்டால் உடனே காரணத்தைச் சொல்ல வேண்டும். வேறு தொழில் பார்க்க ஐ.ஜி. அனுமதி வேண்டும்.

தன் கையாளை முழுதாக நம்பாத ஒரு அரசாங்கத்தின் எழுத்து இது. அந்த நம்பாமையில் ஒரு நியாயமும் இருக்கிறது. நான்கு சுவருக்குள் ஒரு மனிதனை இன்னொரு மனிதன் கையில் ஒப்படைக்கும்போது, முதலில் கட்டிவைக்க வேண்டியது பொறுப்பை வாங்கிக்கொண்டவனின் கையைத்தான்.

ஜூலை 5, சனி

எங்கள் தெருவில் சிறைக் காவலராக, அதாவது வார்டராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 21-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். வாயிற்காவலர் உள்ளே போகும் எதையும், வெளியே வரும் எதையும் சோதிக்கலாம். தடை செய்த பொருள் வைத்திருப்பதாகவோ சிறைச் சொத்தை எடுத்துப் போவதாகவோ சந்தேகம் வந்தால் யாரையும் நிறுத்தலாம், சோதனை போடலாம், போடச் சொல்லலாம். ஏதும் கிடைத்தால் ஜெயிலரிடம் உடனே சொல்ல வேண்டும்.

பெரியவர் தலையாட்டினார். "இப்பவும் அதேதான் தம்பி. கேட்ல நிக்கிறவன் கண்ணு அசந்தா மேல இருக்கிற எல்லாருக்கும் கேள்வி வரும். அதைவிடக் கணக்கு. சாயங்காலம் லாக்-அப் கணக்கு ஒத்துவரலேன்னா ஒருத்தனும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது."

"அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போகக் கூடாது என்று அடுத்த பிரிவே இருக்கிறதே, ஐயா" என்றேன். அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கடமை தவறும் கீழ்நிலை ஊழியரை மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி 200 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கொடுக்கலாம் என்ற 54-ஆம் பிரிவுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1894-ல் 200 ரூபாய் ஒரு வார்டருக்கு எவ்வளவு பெரிய தொகை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அப்புறம் பேச்சு அவர் பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்குப் போய்விட்டது.

ஜூலை 6, ஞாயிறு

12-ஆம் பிரிவு. வைக்க வேண்டிய பதிவேடுகள்: உள்ளே வந்த கைதிகளின் பதிவேடு, ஒவ்வொருவரும் எப்போது விடுதலையாக வேண்டும் என்ற புத்தகம், தண்டனைப் புத்தகம், பார்வையாளர்கள் தங்கள் கருத்தை எழுதும் புத்தகம், கைதியிடமிருந்து வாங்கிவைத்த பணம், பொருள்களின் குறிப்பு. இந்த ஐந்தில் விடுதலை நாள் புத்தகம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் ஒரு வரி தவறினால் ஒருவன் சட்டப்படி முடிந்துபோன தண்டனையை மேலும் அனுபவிப்பான். அதைக் கேட்க அவனுக்கு எழுத்துத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

23-ஆம் பிரிவு சிறிது. ஊழியராக நியமிக்கப்பட்ட கைதிகளை இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி அரசு ஊழியர்களாகவே கருத வேண்டும் என்கிறது. கன்விக்ட் வார்டர், கன்விக்ட் ஓவர்சீயர் என்று இருந்தவர்கள் இவர்கள்தான். தண்டனை அனுபவிப்பவனே இன்னொரு கைதிக்குக் காவல். சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதைவிட அரசுக்கு இது மலிவு. ஜெயிலர் ஒரு இரவு வெளியே தங்க இத்தனை கட்டுப்பாடு விதித்த அதே சட்டம், கைதியின் அருகில் நிற்கும் அதிகாரத்தை இன்னொரு கைதியிடம் இவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. படிக்கும்போது கோபம் வந்தது. மற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றும்போதும் வேலை பிரிக்கும்போதும் அந்த அதிகாரம் என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் போதும்.

ஜூலை 10, வியாழன்

மருத்துவ அதிகாரியின் கடமைகள். இதில் மூன்று நாள் போய்விட்டது, ஏனென்றால் இந்தச் சட்டத்தில் கைதிக்கு ஏதாவது பாதுகாப்பு இருந்தால் அது இங்கேதான்.

வந்த கைதியை மருத்துவர் பார்க்க வேண்டும். உடம்பில் காயமோ தழும்போ இருக்கிறதா, எந்த வகை வேலைக்குத் தகுந்தவன் என்றெல்லாம் பதிவாக வேண்டும். கடுங்காவல் கைதியை அவசர காலம் தவிர நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வேலை செய்யும் கைதியை மருத்துவர் அவ்வப்போது பார்த்து, குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடையை அவன் சீட்டில் ஏற்றவைக்க வேண்டும். எடை குறைகிறது என்றால் சாப்பாடு போதவில்லை, அல்லது வேலை அதிகம். எழுதப் படிக்கத் தெரியாத கைதிக்காகவும் அந்த எண் பேசும். இந்த விதியை எழுதியவர் விஷயம் தெரிந்தவர்.

தண்டனைகள் 46-ஆம் பிரிவில் இருக்கின்றன. எச்சரிக்கையில் தொடங்கி, கடுமையான வேலைக்கு மாற்றுவது, சாக்குத் துணி உடுத்தச் செய்வது, கைவிலங்கு, கால்விலங்கு, தனிக்கொட்டடி, தண்டனைச் சாப்பாடு என்று போய் 30 அடி வரை பிரம்படியில் முடிகிறது. பிரம்பு அரை அங்குலத்துக்குக் குறையாத விட்டம். புட்டத்தில் மட்டும் அடிக்க வேண்டும். சூப்பிரண்டென்டும், மருத்துவரோ அவர் உதவியாளரோ அருகில் இருக்க வேண்டும். தண்டனைச் சாப்பாட்டுக்கும் பிரம்படிக்கும் கடுவேலைக்கும் முன்னால், இவன் தாங்குவான் என்று மருத்துவர் தண்டனைப் புத்தகத்தில் அதற்குரிய பத்தியில் சான்று எழுத வேண்டும். எழுதாமல் நிறைவேற்றக் கூடாது.

அடிக்கச் சொல்பவர் ஒருவர், அடி தாங்குமா என்று சொல்பவர் வேறொருவர் என்று இதுவரை எனக்குப் புரிந்திருந்தது. திரும்ப 6-ஆம் பிரிவுக்குப் போனேன். மருத்துவ அதிகாரி என்ற இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு வாசகம்: அவரே சூப்பிரண்டென்டாகவும் இருக்கலாம். மாவட்டச் சிறைகளில் அரசு மருத்துவரான சிவில் சர்ஜனே சூப்பிரண்டென்டாக இருப்பது அன்று வழக்கம்தான். தண்டனை விதிப்பவரும் அதற்குச் சான்று எழுதுபவரும் ஒரே ஆள், ஒரே பேனா. மேலே கட்டிய பாதுகாப்பு எல்லாம் அந்த அடைப்புக்குறியில் கரைந்துவிடுகிறது. நான் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல நினைப்பதில் முதன்மையானது இதுதான்.

வ.உ.சி. 1908-ல் தண்டிக்கப்பட்டுக் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். இன்ன வேலைக்குத் தகுந்தவர் என்று யாரோ ஒருவர் அவர் பெயருக்கு நேராக எழுதித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

51-ஆம் பிரிவு: தண்டனைப் புத்தகத்தில் கைதியின் பெயர், எண்ணோடு அவன் வழக்கமான குற்றவாளியா, அதாவது திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவனா, இல்லையா என்பதையும் எழுத வேண்டும். முன்பு எத்தனை முறை சிறைக்குள் தவறு செய்தான் என்பதற்கும் ஒரு பத்தி.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பத்தி எப்படி நிரம்பியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 1911 குற்றப் பழங்குடிகள் சட்டம், ஊரில் சொல்லும் கைரேகைச் சட்டம், பிறப்பை வைத்தே பிரமலைக் கள்ளர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். வெளியே ஒரு பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், சிறைக்குள் வந்ததும் அடுத்த பதிவேட்டில் அந்தப் பத்தியை நிரப்பக் குமாஸ்தாவுக்கு யோசனையே தேவைப்பட்டிருக்காது.

ஜூலை 17, வியாழன்

15-ஆம் பிரிவு. கைதி இறந்தால் மருத்துவர் எழுத வேண்டியவை: முதலில் எந்த நாள் நோய் என்று சொன்னான் அல்லது தெரியவந்தது, அன்று அவன் எந்த வேலையில் இருந்தான், அன்று அவனுக்கு என்ன அளவில் சாப்பாடு, எந்த நாள் மருத்துவமனையில் சேர்ந்தான், மருத்துவருக்கு முதலில் எப்போது தெரிவித்தார்கள், என்ன நோய், சாவதற்கு முன் கடைசியாக எப்போது பார்த்தார்கள், எப்போது இறந்தான், பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அதில் கண்டது என்ன.

கேள்விகளின் வரிசையைப் பாருங்கள். நோயின் பெயருக்கு முன்பே வேலையையும் சாப்பாட்டையும் கேட்கிறது. சொன்ன நாளுக்கும் மருத்துவருக்குத் தெரிவித்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்பது தானே வெளிவந்துவிடும். நேர்மையாக நிரப்பினால் இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இன்று ஒருவர் காவலில் இறந்தார் என்று செய்தி வந்தால், இந்த ஒன்பது கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

மதுரைச் சதி வழக்கில் பி.ராமமூர்த்தி, என்.சங்கரய்யா போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் மதுரைச் சிறையிலிருந்து விடுதலையானது 1947 ஆகஸ்ட் 14 இரவு. மறுநாள் ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுடப்பட்டு இறந்தபோதும் சிறைகளில் இருந்தது இதே 1894 சட்டம். 2023-ல்தான் மத்திய உள்துறை இதற்குப் பதிலாக ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது.

பெரியவரிடம் 2024 அக்டோபர் 3 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். சாதி பார்த்துச் சமையலும் துப்புரவும் பிரித்துக் கொடுத்த சிறைக் கையேட்டு விதிகள் செல்லாது என்ற தீர்ப்பு அது. கைதிகள் பதிவேட்டில் இருக்கும் சாதிப் பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது. வழக்கமான குற்றவாளி என்று எழுதுவதற்கும் மாநிலச் சட்டத்தில் உள்ள வரையறை ஒன்றே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றது.

"பத்தியை எடுத்துட்டா போதுமா தம்பி? எழுதுறவன் மனசுல இருக்குமே" என்றார்.

போதாது, ஆனால் பத்தி இருக்கும்வரை எழுதுகிறவனுக்குத் தப்பிக்கவே வழி இல்லை, ஐயா, இப்போது எழுதாமலிருக்க அவனுக்கு ஒரு உத்தரவாவது இருக்கிறது என்றேன். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. தீர்ப்பை முழுதாகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை போகிறேன்.