கடைசி சீட்டுக்கு ஓர் ஒயர்

2025 மே 19, திங்கள்

ஒயர் 12 மீட்டர் வாங்கினேன். கடைக்காரர் "வீட்டுக்கா, வண்டிக்கா?" என்றார். ரெண்டுக்கும்தான் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு அளந்து கொடுத்தார்.

மே 20, செவ்வாய்

வீடாக மாற்றிக்கொண்டிருக்கும் பழைய பள்ளிக்கூட பஸ்ஸில், டிரைவர் சீட்டிலிருந்து அப்பா கட்டில் வரைக்கும் கயிறு பிடித்து அளந்தேன். 28 அடி. நடுவில் அடுப்பு மேடை, பாத்ரூம், அண்ணன் அடித்த பிளைவுட் தடுப்பு. எஞ்சின் முன்னால், டிரைவர் முழங்கால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணிவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரிடமே கத்தித்தான் பேசவேண்டும். பின்னால் ஒரு மனுஷன் கட்டிலிலிருந்து விழுந்தாலும் முன்னால் தெரியாது.

"அதான் ஆளுக்கொரு போன் இருக்குல்ல" என்கிறார் மதினி, பரமக்குடியிலிருந்து. அப்பா இடது கை விரலால் அந்தக் கண்ணாடியைத் தடவிப் பச்சையைக் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் 'இலங்கைக்கு நல்வரவு' என்று மெசேஜ் வேறு வரும்.

போனை எடுத்தாலும் என்ன பேசுவார் என்று மதினி கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மே 22, வியாழன்

வண்டியின் ஆர்.சி. பேப்பர் இன்றும் வரவில்லை. அது வரும்வரை வண்டி பனைமரத்தடியை விட்டு நகராது. பழையதில் இன்னும் பள்ளிக்கூட பஸ்தான்.

வண்டி 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக மாட்டியிருக்கிறது. நான் வாங்கின இன்டர்காமுக்கு 12 போதும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்துக்கொள்ளலாமே என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். "அம்மாடி, அந்த வேலை மட்டும் பாத்துராத. ஒண்ணு பட்டினி கெடந்து சாகும், இன்னொண்ணு தின்னு தின்னுப் பொங்கிச் சாகும்" என்றார். சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டருக்கு ரெண்டும் சேர்ந்த 24தான் தெரியும், எது காலி எது நிறைவு என்று அது பார்க்காது. நான் பத்து வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்தவள். இதைப் பட்டறையில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கியாயிற்று.

மே 25, ஞாயிறு

கேரளாவில் மழை தொடங்கிவிட்டதாம். நமக்கு அதில் பங்கு காற்று மட்டும்தான். காலையிலிருந்து கச்சான் காற்று. தென்கடல் நுரைத்துக் கிடக்கிறது, நம் பக்கம் வடகடல் குளம் மாதிரி.

இந்தக் காற்றில் சால்டரிங் பண்ணுவது பெரிய பாடு. ஈயத்தைத் தொடும் நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஒரு வீச்சு வரும், முனை ஆறிப்போகும், ஈயம் உருகாமல் தயிர்க்கட்டி மாதிரி ஒட்டும். அம்மா ஈரச் சேலையை ஜன்னலில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் ஒழுங்காக ஒட்டியது.

மதியம் மூணு மணிக்கு எல்லாம் முடிந்தது. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஏதாவது பேசு என்றேன். "என்னத்தப் பேச? தடைக்காலம், நாட்டுப் படகுல கொஞ்சம் முரலும் சூடையும் வந்துச்சு, வெல சொல்ற மாதிரி இல்ல." ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. அண்ணன் எஞ்சினைப் போட்டான்.

ஞ்ஞீஈஈஈ.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சுதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. அம்மாவும் மீனும் எங்கேயோ போய்விட்டார்கள்.

மே 26, திங்கள்

ஞீ.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு முடிகிறது என்று காலண்டர் சொல்கிறது. பஸ் தகரத்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உப்பூரில் இருப்பவர் வெயிலுகந்த விநாயகர், அவருக்கு இது பிடிக்கும். எனக்குத் தலை வலிக்கிறது.

ஞீ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. இன்டர்காமின் முன் பெட்டிக்கு முன்னால் பாடியில் எர்த், பின் பெட்டிக்குப் பின்னால் பாடியில் எர்த் கொடுத்திருந்தேன். ஒரே இரும்புதானே என்ற நினைப்பு. ஆனால் வண்டியின் கரண்ட் எல்லாம் அந்த இரும்பு வழியாகத்தான் திரும்புகிறது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நூலளவு வித்தியாசம் இருக்கிறது, அதைத்தான் ஸ்பீக்கர் பாடிக்காட்டுகிறது. பின் பெட்டியின் எர்த்தைக் கழற்றி, தனி ஒயரில் முன்னால் கொண்டுவந்து ஒரே இடத்தில் கட்டினேன். சுற்றுக் கம்பி போட்ட ஒயர், அந்தச் சுற்றை ஒரு முனையில் மட்டும் சேர்த்துவிட்டு மறு முனையைச் சும்மா விட்டேன்.

பாதி குறைந்தது. மீதி கன்வெர்ட்டரிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். அது ஞீ இல்லை, ஸ்ஸ்.

இவ்வளவையும் அப்பா கட்டிலில் படுத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை இல்லை, ரோட்டை.

ஜூன் 1, ஞாயிறு

இரவு ராமேஸ்வரம் போகும் ரயில். 2022 டிசம்பரில் நின்றது. ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து மறுபடி ஓடுகிறது. அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம். பாலம் இல்லாத காலத்தில் எப்படித் தூங்கினாய் என்று கேட்டேன். "எங்க தூங்குனேன்" என்றாள்.

ஒரு வாரம்தான் ஆகிறது, ஒயர் முனையில் செம்பு கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது. இந்த உப்புக் காற்று இரும்பைத்தான் தின்னும் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

போட்டுக்கு லைட் ஒயரிங் பண்ணுகிற ஒரு தம்பி மண்டபத்திலிருந்து வந்திருந்தான். தடைக்காலம், வேலை இல்லை. பச்சை பூத்த முனையைக் காட்டினேன். ஈயம் பூசின செம்பு ஒயர் வாங்கச் சொன்னான். அது வெள்ளையாக இருக்கும், கடல்மேல் அதுதான் தாங்குமாம். ஒட்டின இடத்தில் எல்லாம் கிரீஸ் தடவச் சொன்னான். பிறகு ஸ்ஸைக் கேட்டுவிட்டு, "அக்கா, ஏன் வண்டி கரண்ட்டையே எடுக்கிறீங்க? தனி பேட்டரி போட்டுருங்களேன். வண்டியோட ஒட்டும் வேணாம் ஒறவும் வேணாம்" என்றான்.

அவன் போனபிறகு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பரண்மேல் ஏறினேன். லேண்ட்லைன் காலத்துப் பட்டன் போன் ரெண்டு, பழைய சேலையில் சுற்றிக் கிடந்தன. ரெண்டு போன், ஒரு 9 வோல்ட் பேட்டரி. மாலை கோத்த மாதிரி ஒரே வட்டம். ரெண்டு பக்கமும் எடுத்தால்தான் வட்டம் கூடும், வைத்துவிட்டால் பேட்டரிக்குச் செலவே இல்லை. கடையில் சும்மா இருக்கும் மத்தியானங்களில் விளையாட்டுக்குச் செய்தது. பதினைந்து நாள் கழித்து ஞாபகம் வருகிறது.

ஜூன் 4, புதன்

பேப்பர் வந்துவிட்டது!!

ஜூன் 5, வியாழன்

எஞ்சின் ஓடுகிறது. காதில் போன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அம்மா பின்னாலிருந்து "ஆத்தா, கேக்குதா" என்கிறாள், அதற்குப் பின்னால் ஃபேன் சுற்றுவதுகூடக் கேட்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா காதில் வைத்தாள். மூச்சு கேட்டது. "அப்பா" என்றேன். மூச்சு. "அப்பா, ஏதாச்சும் சொல்லுங்க." மூச்சு. அப்புறம், "ரைட்."

ஜனவரியிலிருந்து அவரிடம் மிஞ்சியிருப்பது ரெண்டு வார்த்தை. ரைட் ஒன்று. இன்னொன்றை இங்கே எழுதமுடியாது, அம்மா அதற்கும் சந்தோஷப்படுகிறாள். மற்றதெல்லாம் உள்ளே இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது என்று மதுரை டாக்டர் சொன்னார்.

ஞீ இல்லை, ஸ்ஸும் இல்லை. யார் பேசுவதற்காக இதைச் செய்தேன்?

ஜூன் 6, வெள்ளி

போனில் ஒரு குறை, கூப்பிட முடியாது. அந்தப் பக்கம் எடுக்கவைக்க ஒரு மணி வேண்டும். ராமநாதபுரம் காயலான் கடையில் பழைய பஸ் பஸ்ஸர் ஒன்று கிடைத்தது. 24 வோல்ட்டிலேயே ஓடுவது, எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கத்தும். பட்டன் அப்பா தலைமாட்டில். திருகி முடித்து, பெயின்ட் தொட்டு, நிமிர்ந்து பார்க்கிறேன், வலது பக்கம் வைத்திருக்கிறேன். எந்தக் கை ஐந்து மாதமாக அசையவில்லையோ அந்தப் பக்கம். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

மார்ச்சில் அண்ணன் அப்பாவுடைய பழைய கண்டக்டர் விசிலைக் கழுவி வாயில் வைத்துப் பார்த்தான். ஊதினார். காற்று எல்லாம் கோணின பக்கம் வழியாகப் போய்விட்டது, விசிலில் எச்சில்தான் வந்தது. அன்றைக்குப் பிறகு அந்த விசிலை நான் பார்க்கவில்லை. எங்கே வைத்தான்?

ஜூன் 8, ஞாயிறு

முதல் ஓட்டம். ராமநாதபுரம், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர், தொண்டி. அப்பா ஓடிய ரூட் வேண்டுமென்று எடுத்ததில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலைதான் குலுக்காது என்று அண்ணன் சொன்னான். அப்படித்தான் சொன்னான்.

தேவிபட்டினத்தில் மணி. ஒன்று. அண்ணன் பதறி ஓரங்கட்டினான். நான் பின்னால் ஓடினேன். அப்பா ஜன்னலில் பார்த்துக்கொண்டிருக்கிறார், வெளியே பஸ் ஸ்டாப். மூத்திரமா? இல்லை. தண்ணியா? இல்லை. வலிக்குதா? முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெண்டு நிமிஷம். இடது கை போய் பட்டனில் ரெண்டு அழுத்து.

அண்ணன் முன்னால் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு போனில்லாமலே கேட்டது. ஒன்று நில், ரெண்டு போ.

திருப்பாலைக்குடியிலும் அதே. நடுவில் பெயர் தெரியாத கைகாட்டி நிறுத்தங்களிலும் அதே. ஏழாவது தடவை அண்ணனுக்குச் சிரிப்பு போய்விட்டது, "டீசல் யார் அப்பன் வீட்டுது" என்றான், யாரைச் சொல்கிறோம் என்று தெரிந்ததும் அவனே வாயை மூடிக்கொண்டான். "டிக்கெட் போட்டு முடிக்காம எடுக்கச் சொல்லமாட்டாரு உங்கப்பா" என்றாள் அம்மா. பெருமையா, எரிச்சலா, சொல்லத் தெரியவில்லை.

உப்பூர் தாண்டி ஒன்று அடித்தார். ஸ்டாப் இல்லை, வெறும் கருவேலங்காடு. அண்ணன் நிற்கவில்லை. மறுபடி ஒன்று. "சும்மா அடிக்கிறாருடி" என்றான். தொண்டியில் போய்ப் பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது.

பக்ரீத் மறுநாள், தொண்டியில் நல்ல கூட்டம். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு விரிப்பு மாற்றினோம்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவைதான் அடித்தார். மூன்று.

ஜூன் 9, திங்கள்

மூன்று என்றால் என்ன?

ஜூன் 10, செவ்வாய்

இன்னொரு பட்டன் வைத்துவிடலாம், வேறு சத்தம், மூத்திரத்துக்கு மட்டும் என்று அண்ணன் சொல்கிறான். சொல்வது சுலபம். இருட்டில் இடது கையால் எது எது என்று தடவுவாரா? நான் பட்டனுக்குமேல் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினேன், தடவினால் தெரிகிற மாதிரி. அப்பா அதை நகத்தால் பெயர்த்து எடுத்துவிட்டார்.

ஜூன் 11, புதன்

அப்பாவோடு ஓடின டிரைவர் ஒருவரைத் தேடிப் போனேன், உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம்தான் வீடு. காபி போட்டுக் கொடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "மூணா? மூணு கெடையாதே. ஒண்ணு நிப்பாட்ட, ரெண்டு எடுக்க. அவசரம்னா விடாம ஊதுவாரு. மூணு எங்களுக்குள்ள கெடையாதும்மா" என்றார். வாசல் வரை வந்து, "ஹோல்டான்னு சொல்றாரா?" என்று கேட்டார். இல்லை, ரைட் மட்டும்தான் என்றேன். தலையை ஆட்டினார். "அப்ப நிப்பாட்ட மணி, எடுக்க வாயி."

பாதி வழி வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ராத்திரி ரெண்டு போனையும் எடுத்தே வைத்துவிடுகிறேன். பின்னால் அப்பா தலையணையில் ஒன்று, முன்சீட்டில் என் காதுப் பக்கம் ஒன்று. மூச்சு வருகிறது. நடுவில் நிற்கும். நான் எழுந்து உட்காருவேன், உடனே வரும். பனையோலை உரசுவதும் அதில் கேட்கிறது, இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று. அம்மா பார்த்துவிட்டு, பிள்ளை பெற்றவள் மாதிரி கிடக்கிறாய் என்றாள்.

விடியற்காலை ரயில் போனதும் போனில் "ரைட்" என்று கேட்டது. தெளிவாக. கனவாக இருக்கலாம். இப்படி விடிய விடிய எடுத்து வைத்தால் 9 வோல்ட் பேட்டரி மூணு ராத்திரிதான் தாங்குகிறது. செலவுக்கு அண்ணன் முணுமுணுக்கிறான்.

ஜூன் 14, சனி

இன்றோடு தடை முடிகிறது. சாயங்காலமே ஐஸ் வண்டிகள் பாம்பன் பக்கம் வரிசையாகப் போகின்றன, ரோடெல்லாம் தண்ணீர்க் கோடு. எங்கள் வண்டியும் விடிந்தால் கிளம்புகிறது. முதலில் சாயல்குடி, மூக்கையூர். ஒரு ராத்திரி அங்கே. திங்கள்கிழமை மதுரை டாக்டர்.

வாங்கவேண்டியது: பேட்டரி நாலு. டேப். ரப்பர் ஷீட், விரிப்புக்கு அடியில் போட. கிரீஸ் இருக்கிறது.

விசில் கிடைத்துவிட்டது. அண்ணன் டேஷ்போர்டில் வைத்திருக்கிறான், சாவிக்கொத்தோடு. நான் கேட்கவில்லை.

மணி அடிக்கிறது. மூன்று. போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.