ஆள் குறையும் தெரு

மார்ச் 3
இரவு மாடியில் நின்று எதிர் வரிசையில் விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணினேன். பூட்டிய வீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு ஜன்னலில்தான் வெளிச்சம். ஆறு பேர் இருந்த வீட்டில் இப்போது இரண்டு பேர். பக்கத்து வீட்டில் பாட்டி மட்டும். நம் பகுதியில் ஆள் குறைகிறது என்றால் யாரும் நம்புவதில்லை. "வாடகை குறையலையே" என்கிறார்கள்.

மார்ச் 5
பாரிஸ் நகர எல்லைக்குள் 1921-இல் சுமார் 29 லட்சம் பேர் இருந்தார்கள். 2021-இல் சுமார் 21 லட்சம். அங்கே வீடு கிடைப்பதோ இன்றும் குதிரைக்கொம்பு! குடும்பமே நெருக்கியடித்து வாழ்ந்த அறைகளில் இன்று ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தின் கதை வேறு. 1950-இல் 18.5 லட்சம் பேர், 2020-இல் 6.4 லட்சத்துக்கும் கீழே. கார்த் தொழிற்சாலைகள் போயின, வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள், வீடுகள் பாழடைந்தன. இரண்டுக்கும் 'ஆள் குறைகிறது' என்று ஒரே பெயர் வைத்து, ஒரே மருந்தைத் தேடுகிறோம். எங்கள் தெருவுக்கு வந்திருப்பது பாரிஸின் நோய் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 11
பள்ளியில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் குறைவதால் வகுப்பு போகிறது, வகுப்பு போவதால் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இங்கே வரத் தயங்குகின்றன. பேருந்தும் இதே கதைதான்.

மார்ச் 19
1990-க்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் பல நகரங்களில் ஆள் குறைந்ததும் தண்ணீர்ப் பயன்பாடும் குறைந்தது. பெருங்கூட்டத்துக்காகப் போட்ட குழாய்களில் தண்ணீர் தேங்கியது. கழிவுநீர்க் குழாய்களில் ஓட்டம் போதாமல், தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டியிருந்தது. ஆள் பாதியானாலும் குழாயின் நீளம் பாதியாவதில்லை. பராமரிப்புச் செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில்தான்.

அதே கிழக்கு ஜெர்மனியில், லைப்ஸிக் நகரில் காலி வீடுகளை வாடகையின்றிக் கொடுத்தார்கள், குடியிருப்பவர்கள் வீட்டைப் பராமரித்தால் போதும் என்று. அந்த நகரம் இன்று மறுபடி 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீட்டால் மட்டும் இல்லை, வேலையும் வந்ததால்தான். ஆனால் வீடுகள் இடியாமல் நின்றதால்தானே வந்தவர்களுக்கு இடம் இருந்தது?

மார்ச் 24
பாட்டியிடம் கேட்டேவிட்டேன், மாடியை யாருக்காவது விடலாமா என்று.

"நான் படி ஏறியே ஆறு வருஷமாச்சுப்பா. மேல யாராச்சும் நடமாடினா நல்லாத்தான் இருக்கும்."

சாவி வாங்கி மேலே போய் ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். மூன்று நல்ல அறைகள், ஒழுகல்கூட இல்லை. வெளிப்பக்கமாகத் தனிப் படி வைக்க அனுமதி வேண்டுமாம். திங்கட்கிழமை போய் விசாரிக்கிறேன்.