இடிந்தகரைக் கதை அச்சில் வந்துவிட்டது

நான் எழுதிய சிறுகதை இந்த மாதம் ஒரு சிற்றிதழில் வந்திருக்கிறது. கையில் வாங்கியதிலிருந்து புரட்டிக்கொண்டே இருக்கிறேன்.

2011-இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக பக்கத்துக் கடலோர ஊரான இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே, அந்தப் பெண்களில் பலர் மடியில் பீடித் தட்டோடுதான் இருந்தார்கள். இலையில் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே முழக்கத்துக்குப் பதில் குரல் கொடுப்பார்கள். போராட்டம் என்றாலும் அன்றைய கூலியை விட முடியாதே! அப்படி ஒரு பெண்ணின் கைகள்தான் என் கதை.

2012 செப்டம்பர் 10, கடற்கரையில் போராடியவர்கள் மீது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசிய நாளை முதலில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். “இதெல்லாம் செய்தியில வந்ததுதானே தம்பி, அந்தம்மா வீட்டுக்குப் போனதும் என்ன செஞ்சாங்க?” என்று இதழாசிரியர் கேட்டார். அண்ணன் கேட்டது சரி. நான்கு பக்கத்தை எடுத்துவிட்டேன். இப்போது அந்தப் பகல் ஒரே வரி: எரியும் கண்ணைத் துடைக்க முந்தானையைக் கடல்தண்ணீரில் நனைக்கிறாள். மீதியெல்லாம் இரவு. போலீஸ் போடும் வழக்கில் தன் பெயரையும் சேர்த்திருப்பார்களோ என்ற பயத்தில் கதவைத் தாழ்போட்டுவிட்டு, பாதியில் விட்ட பீடிக்கட்டை எண்ணுகிறாள்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் படித்தால், எங்காவது தப்பாக எழுதியிருந்தால் அவசியம் சொல்லுங்கள். இதழ் வேண்டுபவர்கள் உள்பெட்டிக்கு வாங்க.