கொத்தின அம்மி மாதிரி ஒரு பல்

காட்பாடியில் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "மாமா, நம்ம வேலூர் மலையில சுறாப் பல்லு கிடைக்குமா?" கிடைக்காதுடா. நம்ம பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அப்போது மீன் என்ற ஒன்றே கிடையாது.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கதையே வேறு. டைனோசர் காலத்தில் அங்கே கடல். காரை பகுதியின் களிமண் படிவில் டைக்கோடஸ் என்ற அழிந்துபோன சுறாவின் பல் கிடைத்திருக்கிறது. சுறா என்றால் கத்திப் பல் என்றுதானே நினைப்போம்? இதன் பல் மேலே உப்பலாக, குறுக்கே வரிவரியாக, புதிதாகக் கொத்தின அம்மி போல இருக்கும். அவற்றை நெருக்கி அடுக்கி வைத்துக்கொண்டு ஓடுள்ள பிராணிகளை நொறுக்கித் தின்றது.

சுறாவுக்கு உள்ளே இருப்பது குருத்தெலும்பு. பெரும்பாலும் மக்கிவிடும், பல்தான் மிஞ்சும். அந்தப் பல்லை வைத்து, கடலடியில் மந்தமாகக் கிடந்த பிராணி என்று பலர் நினைத்தார்கள். அப்புறம் மெக்சிகோவில் முழு உடலே கல்லில் பதிந்து கிடைத்தது. 2024இல் ஆய்வு வெளியானது. பார்த்தால், வேகமாக நீந்தும் உடல்வாகு, வெள்ளைச் சுறா சேர்ந்த அதே இனவரிசை!

அடுத்த லீவுக்கு அரியலூர் பக்கத்து வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் போகலாம் என்றிருக்கிறேன். போய் வந்தவர்கள் எந்த வழி வசதி என்று சொல்லுங்கள்.