ஏழாவது சிலிண்டர்

மார்ச் 3

இன்னைக்கும் அந்த உதறல். 70ல போயிட்டிருக்கேன், ஆக்ஸிலேட்டர்ல கால் சும்மா பட்டுக்கிட்டிருக்கு, சீட்டுக்கு அடியில யாரோ போன வைப்ரேட்ல வச்ச மாதிரி ம்ம்ம்ம்னு. கால அழுத்தினா போயிருது. அப்பா இருந்திருந்தா பக்கத்துல உக்காந்து ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பார்.

மார்ச் 4

நாள் பூரா ஓட்டினேன். ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான் கிறுக்கு.

மார்ச் 6

கண்டுபிடிச்சிட்டேன்! மீட்டர்ல வி8னு இருக்கறது வி4னு மாறும்போதுதான் வருது, அதாவது எட்டு சிலிண்டர் ஓடறது நாலாகும்போது. வண்டி லோடு இல்லாம சீரா போச்சுன்னா பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு 1, 4, 6, 7 நாலு சிலிண்டரையும் கம்ப்யூட்டர் தூங்க வச்சிரும், வால்வு ரெண்டும் மூடிக்கும், பெட்ரோல் போகாது, ஆனா பிஸ்டன் மட்டும் உள்ள அடைபட்ட காத்த அமுக்கி அமுக்கி விட்டுட்டு சும்மா ஏறி எறங்கிட்டிருக்கும். உக்காந்து கணக்கு போட்டேன். 1200 ஆர்பிஎம்ல எட்டும் எரிஞ்சா நொடிக்கு 80 அடி விழும். நாலுன்னா 40. அடி பாதியாயிருது, ஒவ்வொண்ணும் பலமா விழுது, அதான் முதுகுக்கு தெரியுது.

இத இவர்ட்ட சொன்னேன். "சரி, அப்ப அது அப்படித்தானே இருக்கும்"னு சொல்லிட்டு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட போயிட்டார். சாமான் ஏத்தற 24ம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

மார்ச் 7

ஷெட்டுக்கு கொண்டு போனேன். மெக்கானிக் தம்பி ஸ்கேனர் போட்டான், ஃபால்ட் கோட் ஒண்ணும் இல்லக்கான்னான். தெருவுக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிட்டு நல்லாத்தான் இருக்குங்கறான். தெருவுக்குள்ள எங்கடா வி4 வரும். இதுல "சாருக்கும் இப்படி தோணுதா"ன்னு கேள்வி வேற.

மார்ச் 9

தூக்கம் வரல. இந்த யோசனை ஒண்ணும் புதுசில்லயாம், 1981லயே காடிலாக்ல வி8-6-4னு ஒண்ணு விட்டிருக்காங்க, எட்டு ஆறாகும் ஆறு நாலாகும். அப்ப இருந்த கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் பத்தல, வண்டி தள்ளாட ஆரம்பிச்சதும் நிறைய பேர் அந்த ஒயரையே துண்டிச்சிட்டு எட்டுலயே ஓட்டியிருக்காங்க. மனசுக்கு என்னமோ ஆறுதலா இருந்துச்சு. மணி மூணு.

மார்ச் 11

ஒண்ணு பிடிபட்டுச்சு. இவ்ளோ நாளா ரெண்டு விஷயத்த ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டிருக்கேன். வி4ல இருக்கும்போது வர்ற ம்ம்ம் அந்த இஞ்சினோட சுபாவம், அத விட்ருவோம். ஆனா வி4ல இருந்து திரும்ப எட்டுக்கு வரும்போது, ஒரே ஒரு தரம், யாரோ பின்னாடி இருந்து தோள தட்டின மாதிரி ஒரு வெட்டு. அது சுபாவம் இல்ல. அதான் வியாதி. எல்லாரும் முதல் விஷயத்துக்கு பதில் சொல்றாங்க, நான் கேக்கறது ரெண்டாவது.

சின்ன ஸ்கேனர் ஒண்ணு வாங்கி போன்ல மிஸ்ஃபயர் கணக்க, அதான் சிலிண்டர் எரியாம தப்பற கணக்க, திறந்து வச்சிட்டு இவர பாத்துக்க சொல்லி ஓட்டினேன். மத்த ஏழு சிலிண்டர்லயும் பூஜ்யம். ஏழாவதுல 14.

மார்ச் 12

7ல இருந்த, பொறி குடுக்கற காயிலையும் பிளக்கையும் 5க்கு மாத்தி, 5ல இருந்தத 7ல போட்டேன். மிஸ்ஸிங் 5க்கு போகும்னு சாமிய கும்பிட்டேன். போகல. 7லயேதான் உக்காந்திருக்கு.

மார்ச் 13

கியர எம்ல, அதான் மேனுவல்ல, வச்சு ஓட்டினா வி4க்கே போக மாட்டேங்குது. வெட்டும் இல்ல. 24 வரைக்கும் இப்படியே ஓட்டிரலாம். அப்பாவோட மர பீரோவையும் தையல் மிஷினையும் இந்த வண்டியிலதான் ஏத்தணும், வேற வண்டியில ஏத்த எனக்கு மனசில்ல.

மார்ச் 15

ஸ்கேனர் மாட்டற ஓபிடி சாக்கெட்ல சொருகற டப்பா வந்திருச்சு. சொருகிட்டா எப்பவும் எட்டுதான்.

மார்ச் 16

வெண்ணெய் மாதிரி போகுது!! ஒரு மணி நேரம் சும்மாவே சுத்தினேன். மைலேஜ் குறைஞ்சா குறையட்டும்.

மார்ச் 17

காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக் டிக். சூடானதும் நின்னுருச்சு.

மார்ச் 18

இன்னைக்கு சூடானப்புறமும் நிக்கல. நீள ஸ்க்ரூடிரைவர இஞ்சின்ல வச்சு பிடியில காது வச்சு கேட்டேன், டிரைவர் பக்கம், கடைசி.

லிஃப்டர்தான், வால்வ தூக்கி விடற பாகம். அந்த நாலு சிலிண்டர்லயும் லிஃப்டர் ரெண்டு துண்டா இருக்கும், நடுவுல குட்டி பின்னு. ஆயில் பிரஷர் வந்து பின்ன உள்ள தள்ளினா லிஃப்டர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிட்டு வந்துட்டு இருக்குமே தவிர வால்வ தூக்காது. பிரஷர் விட்டதும் ஸ்பிரிங் பின்ன வெளிய தள்ளணும். அங்க கசடு படிஞ்சா பின்னு லேட்டா வரும். அந்த லேட்டுதான் என் தோள தட்டினது. அப்ப டப்பா சொருகினதெல்லாம் வலி மாத்திரை.

டாஷ்போர்டுல அப்பாவோட ஆயில் நோட்டு. ஒவ்வொரு 8,000 கிலோமீட்டருக்கும் தேதி, ஃபில்டர், கையெழுத்து வேற, யார்கிட்ட காட்டவோ. கடைசி ரெண்டு வரிக்கு நடுவுல மட்டும் 19,000. அந்த வருஷம்.

நோட்ட மூடி வச்சிட்டேன்.

மார்ச் 20

செக் இஞ்சின் லைட் எரியல, மினுக்குது. மினுக்கினா ஓட்டக்கூடாது, எரியாத பெட்ரோல் போய், புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர வேக வச்சிரும். ஓரம் கட்டிட்டு நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன். ஷெட்டுக்கு கட்டி இழுத்துட்டுதான் போனாங்க. தம்பி கோட் பாத்துட்டு பி0307, ஏழாவதுல மிஸ்ஃபயர்ங்கறான். தெரியும்டா.

மார்ச் 21

7ல கம்ப்ரஷன் இல்ல. ஆனா காத்து அடிச்சு பாத்தா லீக்கும் இல்ல. மேல் மூடிய கழட்டிட்டு இஞ்சின சுத்தினா 7ல காத்து உள்ள வர்ற வால்வ அமுக்கற இன்டேக் ராக்கர் மட்டும் அசையவே இல்ல, மத்தது எல்லாம் ஆடுது. தம்பி என்ன பாத்து "நீங்க சொன்னது சரிதாங்கா"ன்னான். சந்தோஷமே வரல.

மார்ச் 22

லிஃப்டர எடுக்கணும்னா சிலிண்டர் ஹெட்ட கழட்டணும், வேற வழி இல்ல. எடுத்து கையில குடுத்தான், உருளை ஒரு பக்கமா தேஞ்சிருக்கு, லிஃப்டர தள்ளி விடற கேம்ஷாஃப்ட்லயும் கோடு விழுந்திருக்கு. "ரொம்ப நாளா ஆயில் மாத்தலியாக்கா"ன்னு கேட்டான். மாத்தலப்பா, மறந்துட்டேன்னு சொன்னேன்.

இப்ப ரெண்டு வழி. அதே மாதிரி லிஃப்டரும் புது கேமும் போடறது. இல்லேன்னா தூங்கற வேலையே வேண்டாம்னு சாதா லிஃப்டர், அதுக்கு ஏத்த கேம், கம்ப்யூட்டர்லயும் மாத்தி எழுதறது. எது பண்ணாலும் பழைய ஹெட் போல்ட்ட திரும்ப போடக்கூடாது.

மார்ச் 23

சாதாவே போட சொல்லிட்டேன். எட்டும் எரியட்டும். சாமான் வர ஒரு வாரமாம்.

மார்ச் 24

வாடகை வண்டி. நாலே சிலிண்டர், ஒரு உதறல் இல்ல. பீரோ கால் ஒண்ணு ஏத்தும்போது உடைஞ்சிருச்சு.

மார்ச் 29

போன் வரல.